கட்டிலுக்கு நடுவே ஓர் எல்லைக்கோடு

அமெரிக்காவின் நெப்ராஸ்கா, டகோட்டா புல்வெளிகளில் சுமார் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தம்பதிகள் சிலர் வீடு கட்டிய விதம் வேடிக்கையானது. அடுத்தடுத்து இரண்டு நிலங்கள். ஒன்று கணவர் பெயரில், மற்றது மனைவி பெயரில். எல்லைக்கல்லைத் தேடிப் பிடித்துக் கயிறு இழுப்பார்கள். அந்தக் கயிறு வீட்டின் நடுவாகப் போகும்படி சுவர் எழுப்புவார்கள். கட்டிலையும் கோட்டின்மேலேயே போடுவார்கள். ராத்திரியில் கணவர் தன் நிலத்தில் தூங்குவார், மனைவி தன் நிலத்தில் தூங்குவார். நடுவே அரசாங்கத்தின் நில அளவைக் கோடு.

மனஸ்தாபம் ஒன்றுமில்லை. சட்டம் அப்படி.

1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், 160 ஏக்கர் நிலத்தை ஏறக்குறைய இலவசமாகவே தந்தது. கட்டணம், தரகு எல்லாம் சேர்த்து 18 டாலர். விண்ணப்பிப்பவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். அல்லது ஒரு குடும்பத்தின் தலைவராக இருக்க வேண்டும். நிலத்தில் ஐந்து ஆண்டுகள் குடியிருந்து, பயிர் வைத்து, இரண்டு சாட்சிகளைக் கூட்டிவந்து சொல்ல வைத்தால் பட்டா கிடைக்கும். ஆறு மாதத்துக்கு மேல் நிலத்தை விட்டுப் போனால் எல்லாம் போச்சு, அரசாங்கமே திரும்ப எடுத்துக்கொள்ளும்.

கல்யாணமாகாத பெண்ணும் விதவையும் விண்ணப்பிக்கலாம். கணவருடன் வாழும் பெண் விண்ணப்பிக்க முடியாது, ஏனென்றால் குடும்பத் தலைவர் கணவர்தான். ஆகவே கெட்டிக்காரப் பெண்கள் முதலில் நிலத்துக்கு மனு போட்டார்கள், பிறகு மாலை மாற்றிக்கொண்டார்கள். அடுத்த சிக்கல் அப்போதுதான் வரும். இரண்டு பேரும் அவரவர் நிலத்தில் 'குடியிருக்க' வேண்டுமே! இந்த விஷயத்தில் நில அலுவலகங்களின் தீர்ப்பு அவ்வப்போது மாறிக்கொண்டிருந்தது. கோட்டின்மேல் வீட்டைக் கட்டிவிட்டால் எந்தத் தீர்ப்பு வந்தாலும் பயமில்லை.

எல்லாருக்கும் இந்த வசதி வாய்க்கவில்லை. பெரும்பாலான தம்பதிகள் வந்து இறங்கும்போதே கணவன் மனைவிதான். வீடு நான்கு கைகளால் எழுந்தது. பட்டாவில் ஒரு பெயர் ஏறியது.

இந்தச் சட்டத்தின்கீழ் முதல் மனுவே குளிர்காலத்தில் போட்டதுதான். சட்டம் நடைமுறைக்கு வந்தது 1863 ஜனவரி 1. அன்று நெப்ராஸ்காவின் பிரௌன்வில் நில அலுவலகத்தில் டேனியல் ஃப்ரீமன் என்பவர், நள்ளிரவு தாண்டியதுமே குமாஸ்தாவைக் கெஞ்சிக் கூத்தாடிக் கதவைத் திறக்க வைத்து மனுவைப் பதிந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பியாட்ரிஸ் ஊருக்கு அருகே அவர் எடுத்த நிலம் இன்று தேசிய வரலாற்றுப் பூங்கா. நிலம் இருந்தது, துணை இல்லை. அயோவாவில் இருந்த ஆக்னஸ் சூட்டர் என்ற பெண்ணுக்குக் கடிதம் எழுதினார். ஆக்னஸுக்கு முதலில் நிச்சயமாகியிருந்தது டேனியலின் தம்பிக்கு. அவர் உள்நாட்டுப் போரில் இறந்துபோயிருந்தார். கடிதத்திலேயே பேச்சு முடிந்து 1865-ல் கல்யாணம் நடந்தது. இருவரும் அந்த மண்ணிலேயே வாழ்ந்து அங்கேயே புதைக்கப்பட்டார்கள். ஆக்னஸ் கணவருக்குப் பிறகு 23 ஆண்டுகள் இருந்தார்.

ஃப்ரீமனின் நிலத்தில் ஓடையும் மரமும் உண்டு. அவர் முந்திக்கொண்டவர். பின்னால் வந்தவர்கள் மேற்கே போகப் போக மரம் குறைந்தது, பிறகு இல்லவே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் புல். கல் கிடையாது, செங்கல் சுட விறகு கிடையாது, ரயில் நிலையத்திலிருந்து பலகை வாங்கி வரப் பணம் கிடையாது. இருந்தது ஒன்றே ஒன்று: உழாத மண்ணைத் தலைமுறை தலைமுறையாகப் பின்னிப் பிடித்துக்கொண்டிருந்த புல்வேர். அதையே அறுத்து அடுக்கினார்கள். 'நெப்ராஸ்கா சலவைக்கல்' என்று அதற்குக் கேலிப்பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

செய்முறை பார்க்க எளிது. வெட்டுக்கிளிக் கலப்பை என்று ஒன்று உண்டு. மண்ணைப் புரட்டி உடைக்காமல் பாயைச் சுருட்டுவதுபோலப் பட்டையாக உரித்துத் தரும். ஓர் அடி அகலம், நான்கு அங்குலக் கனம். அந்தப் பட்டையை மண்வெட்டியால் இரண்டு மூன்று அடி நீளத் துண்டுகளாக வெட்டுவார்கள். ஒரு கட்டி இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். புல் பக்கம் கீழே, வேர்ப்பக்கம் மேலே என்று கவிழ்த்து வைக்க வேண்டும். சுவரின் கனத்துக்கு இரண்டு அல்லது மூன்று கட்டிகள் பக்கம் பக்கமாக. மூன்று நான்கு வரிக்கு ஒருமுறை குறுக்கே ஒரு வரி, பிணைப்புக்காக. சந்துகளில் உதிரி மண். கொத்தனார் செங்கல் வைக்கும் அதே சாஸ்திரம்தான். சாந்து மட்டும் இல்லை. மேல் வரியின் புல் கீழ்வரியின் வேரோடு தானாகவே பிடித்துக்கொள்ளும்.

16 அடிக்கு 20 அடியில் ஒரே அறை. அதற்கு அரை ஏக்கரிலிருந்து ஒரு ஏக்கர் வரை புல்வெளியை உரிக்க வேண்டியிருந்தது. அன்றன்றைக்கு அடுக்க முடிந்த அளவுதான் வெட்டலாம். ஒரு நாள் வெயில் பட்டால் கட்டி காய்ந்து பொலபொலவென்று உதிர்ந்துவிடும். ஆகவே ஒரு ஆள் வேலை அல்ல இது. ஒருவர் எருதுகளை ஓட்ட வேண்டும், ஒருவர் கலப்பையைப் பிடிக்க வேண்டும். ஒருவர் கட்டியைத் தூக்கிக் கொடுக்க வேண்டும், ஒருவர் சுவர்மேல் நின்று வாங்க வேண்டும். அக்கம்பக்கம் என்பதே மைல் கணக்கில் இருந்த இடத்தில் அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் மனைவிதான்.

கதவு, ஜன்னல் நிலைகளுக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு, அதில் புல்லும் கந்தலும் அடைப்பார்கள். மண்சுவர் தன் பாரத்தில் தானே அமரும். இடைவெளி விடாவிட்டால் கண்ணாடி நொறுங்கும். உள்சுவரைக் கூரான மண்வெட்டியால் சீவி மழமழப்பாக்கி, களிமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசினால் வீடு வீடாகத் தெரியும். சுவர்க்கனம் இரண்டு அடிக்கு மேல். ஜன்னல் திட்டு அவ்வளவு ஆழமாக இருந்ததால் அதில் ஜெரேனியம் தொட்டி வைப்பது வழக்கமாகிவிட்டது.

புல் முற்றி வேர் இறுகியிருக்கும் இலையுதிர் காலம்தான் கட்ட ஏற்ற பருவம். பின்தங்கியவர்கள் பாடு திண்டாட்டம். நிலம் உறைந்துவிட்டால் கொழு இறங்காது. அப்படி மாட்டிக்கொண்டவர்கள் ஓடைக்கரை மேட்டைக் குடைந்து உள்ளே புகுந்தார்கள். முன்பக்கம் மட்டும் ஒரு மண்சுவர், ஒரு கதவு. 1872-ல் நெப்ராஸ்காவில் கட்டிய 14 அடிச் சதுரக் குழிவீடு ஒன்றின் செலவுக் கணக்கு இன்றும் இருக்கிறது. ஜன்னல் 1 டாலர் 25 சென்ட், கதவுப் பலகை 54 சென்ட், தாழ்ப்பாளும் கீலும் 50, கூரை வழியே போகும் புகைக்குழாய் 30, மூன்று பவுண்டு ஆணி பத்தொன்பதரை. ஆக மொத்தம் 2 டாலர் எழுபத்தெட்டரை சென்ட். அரை சென்ட்டைக்கூட விடாமல் எழுதிவைத்த கையைக் கும்பிடத் தோன்றுகிறது. உழைப்புக்கு அந்தக் கணக்கில் பத்தி இல்லை.

குழிவீட்டில் முதல் குளிரைக் கழித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்கு வேண்டியதைச் சேர்ப்பார்கள். வயலில் வேலை இல்லாத அந்த மாதங்களில்தான் தொலைவிலுள்ள பள்ளத்தாக்குகளுக்கு வண்டி கட்டிப்போய்த் தேவதாரு மரங்களை வெட்டி இழுத்து வர முடியும். முகட்டு உத்தரத்துக்கு ஒரு நல்ல மரம் கிடைப்பது லேசல்ல. அதன்மேல் கைமரம், அதன்மேல் வில்லோ மிலாறு, அதன்மேல் உலர்ந்த புல், கடைசியாக மறுபடியும் மண்கட்டி.

கூரைதான் அந்த வீட்டின் தீராத வியாதி. வெளியே ஒரு நாள் மழை பெய்தால் உள்ளே மூன்று நாள் ஒழுகும் என்பார்கள். அடுப்பில் அப்பம் சுடும்போது ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். உத்தரத்துக்குக் கீழே மெல்லிய துணியை விதானம்போல் கட்டுவது ஓரளவு வசதி படைத்த வீடுகளின் அடையாளம். சோற்றுத் தட்டில் மண் விழாது. பாம்பு விழுவதையும் அது பல சமயம் தடுத்தது.

ஆனால் குளிருக்கு அந்த வீட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. பக்கத்து ஊர்ப் பலகை வீட்டுக்காரர் பல் கிட்டிக்கொண்டிருக்கும்போது மண்வீட்டுக்காரர் ஒரு சிறு இரும்பு அடுப்பில் சமாளித்தார். எரிக்க என்ன? மக்காச்சோளக் கதிரின் சக்கை, முறுக்கிய வைக்கோல், அப்புறம் வறட்டி. முதலில் காட்டெருமையுடையது, காட்டெருமைகளைக் கொன்று தீர்த்த பிறகு மாட்டினுடையது. நம்மூரில்போல எருவைத் தட்டிக் காயவைக்க வேண்டியதில்லை, புல்வெளியில் காய்ந்து கிடப்பதைப் பொறுக்கிவர வேண்டும், அவ்வளவுதான். கிழக்கு நகரங்களிலிருந்து வந்த பெண்கள் முதல் வாரம் அதை இரண்டு குச்சிகளால் பிடித்து எடுப்பார்களாம், அப்புறம் கந்தல்துணி சுற்றிய கையால். ஆறு மாதம் கழித்து வெறுங்கையாலேயே அடுப்பில் போட்டுவிட்டு, முந்தானையில் தட்டிக்கொண்டு மாவு பிசையப் போவார்களாம். மேற்குப் புல்வெளிகளில் பல வடிவங்களில் சொல்லிச் சிரித்த கதை இது.

சிரிப்பு அங்கே கொஞ்சம்தான். குளிர்காலத்தில் கையில் காசு வேண்டுமானால் கணவர் ரயில் பாதை போடும் வேலைக்கோ மரம் வெட்டவோ கூலிக்குப் போக வேண்டும். இரண்டு பேரும் கிளம்பினால் நிலம் போய்விடும். ஆகவே மனைவி இருந்தார். ஒரு ஜன்னல், ஒரு பசு, கைக்குழந்தை, வெளியே வெள்ளை. சட்டம் கேட்ட 'குடியிருப்பு' என்பதைப் பல வீடுகளில் நிறைவேற்றியவர் பட்டாவில் பெயரில்லாத அந்தப் பெண்தான். இந்த ஒரு வேலைக்காகவாவது பாதிப் பட்டா அவருக்கு எழுதியிருக்க வேண்டாமா?

1880 அக்டோபர் பாதியிலேயே டகோட்டாவில் முதல் பனிப்புயல் அடித்தது. பயிர் முழுதாக வீட்டுக்கு வந்து சேரவில்லை. ஜனவரியில் ரயில் நின்றது. டி ஸ்மெட் என்ற சிற்றூருக்கு மறுபடி ரயில் வந்தது மே மாதம். வைக்கோலை முறுக்கி எரித்தார்கள், காபிக்கொட்டை அரைக்கும் கை இயந்திரத்தில் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டார்கள். அதே குளிர்காலத்தில் நெப்ராஸ்காவின் வெப்ஸ்டர் மாவட்டத்தில், பொஹீமியாவிலிருந்து வந்து குழிவீட்டில் குடியேறிய ஒரு குடும்பத் தலைவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். பின்னாளில் அந்தப் பக்கத்தில் வளர்ந்த வில்லா கேதர், 1918-ல் வெளியிட்ட 'மை ஆன்டோனியா' நாவலில் அந்தச் சாவு வருகிறது.

1888 ஜனவரி 12 இன்னும் கொடியது. காலையில் இதமான வெயில். ஆண்கள் மேல்கோட்டைக் கழற்றிவிட்டு வைக்கோல் ஏற்றப் போனார்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். பகல் பொழுதிலேயே வடமேற்கிலிருந்து புயல் சுவர்போல வந்து மோதியது. தன் கையே தனக்குத் தெரியாத வெண்பனிப் புழுதி. வீட்டுக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் இடையே கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு போய் வருவது அந்த ஊர்ப் பழக்கம். அன்று கயிற்றை விட்டவர்கள் திரும்பவில்லை. இறந்தவர்கள் 235 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. பள்ளிப் பிள்ளைகள் பலர் மாண்டதால் 'பள்ளிக் குழந்தைகளின் பனிப்புயல்' என்றே அதற்குப் பெயர்.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது பலர் தாண்டிப் போகும் ஒரு விஷயம் இருக்கிறது. அந்த நிலம் காலியாகக் கிடந்த நிலம் அல்ல. நெப்ராஸ்கா மண் பாவ்னி, ஒமாஹா பழங்குடி மக்களுடையது. அவர்களும் மண்ணால்தான் வீடு கட்டினார்கள். மரத்தூண் நட்டு, மிலாறும் புல்லும் பரப்பி, மண் போர்த்திய பெரிய வட்ட வீடுகள். வடக்கே மிசௌரி ஆற்றங்கரையில் ஹிடாட்சா மக்களிடையே நடுத்தூண்களையும் உத்தரங்களையும் தூக்கி நிறுத்த ஆண்கள் கைகொடுப்பார்கள், மற்ற வேலை முழுக்கப் பெண்களுடையது. வீடும் பெண்களுடையது. பாவ்னி மக்களை 1870-களின் பாதியில் தெற்கே, பழங்குடிகளுக்கென ஒதுக்கிய 'இந்தியப் பிரதேச'த்துக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் நிலத்தை 160 ஏக்கர் துண்டுகளாக அறுத்துக் கொடுத்தார்கள். புதிதாக வந்தவர்கள் அதே மண்ணையும் புல்லையும் கொண்டே வீடு கட்டினார்கள். உரிமை மட்டும் வேறு கைக்கு மாறியிருந்தது.

மண்வீடுகள் நீடித்து நிற்பவை அல்ல. கூரையைப் பராமரிக்காவிட்டால் சில ஆண்டுகளில் மண்ணோடு மண். இன்று நாம் அவற்றைப் பார்க்க முடிவது சாலமன் பட்சர் என்ற ஒரு மனிதரால். 1880-ல் தந்தையோடு நெப்ராஸ்காவின் கஸ்டர் மாவட்டத்துக்கு வந்த பட்சருக்கு விவசாயம் சரிப்படவில்லை. இரண்டே வாரத்தில் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மருத்துவம் படிக்கப் போனார், அதுவும் சரிப்படவில்லை. 1886-லிருந்து வண்டியில் கேமராவை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனார். 3,000-க்கும் மேற்பட்ட கண்ணாடி நெகட்டிவ்கள். உருப்படாதவர் என்று ஊர் பேசியிருக்கும். அவர் இல்லாவிட்டால் அந்த ஊரின் முகமே நமக்குத் தெரிந்திருக்காது.

பட்சரின் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி: பின்னால் மண்வீடு, முன்னால் வரிசையாகக் குடும்பம், பக்கத்தில் சொத்து. குதிரை, பசு, மேஜைமேல் தர்பூசணி. ஒரு வீட்டில் பின்புற மேட்டிலிருந்து கூரைக்கு ஏறிய பசுவும் படத்தில் விழுந்திருக்கிறது. ஹில்டன் குடும்பத்துப் படம் மட்டும் வேறு ரகம். அந்த வீட்டு அம்மாள் புதிதாக ஓர் ஆர்கன் பெட்டி வாங்கியிருந்தார். கிழக்கே இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அந்தப் படத்தை அனுப்ப ஆசை. ஆனால் தாங்கள் மண்வீட்டில் இருப்பது படத்தில் தெரியக் கூடாது. ஆகவே அவ்வளவு பெரிய பெட்டியை வெளியே இழுத்து வந்து, மாட்டுத்தொழுவ முற்றத்தில் வைத்துப் படம் எடுத்தார்கள். குடும்பம் ஆர்கனைச் சுற்றி விறைப்பாக நிற்கிறது. வீடு படத்தில் இல்லை. தன் கையால் கட்டிய வீட்டையே மறைக்க நினைத்த கூச்சம்தான், அந்த வீட்டில் வாழ்வது எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது.

1862-ல் தொடங்கி நூறாண்டுக்கு மேல் அந்தச் சட்டத்தில் ஏறத்தாழ 16 லட்சம் பேர் பட்டா பெற்றார்கள். 27 கோடி ஏக்கர், நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. மனு போட்டவர்களில் பெருந்தொகையினர் ஐந்தாம் ஆண்டைப் பார்க்காமலே கிளம்பிப் போனார்கள். பின்னால் நிலத்தை விட்டுக் கிளம்பிய ஒரு தம்பதியின் கதை மட்டும் உலகத்துக்குத் தெரியும்.

டி ஸ்மெட்டில் வைக்கோல் முறுக்கிய அந்தக் குளிர்காலத்தில் லாரா இங்கல்ஸுக்கு வயது 13. அதே ஊரில் நிலம் எடுத்திருந்த ஆல்மன்சோ வைல்டரை 1885 ஆகஸ்டில் மணந்தார். பிறகு வரிசையாக அடி. 1888-ல் இருவருக்கும் தொண்டை அடைப்பான். அதன் பின்விளைவாக ஆல்மன்சோவின் கால் கடைசிவரை சரியாகவில்லை. 1889-ல் பிறந்த ஆண் குழந்தை ஒரு மாதம்கூட ஆகாமல் இறந்தது. அதே மாதம் வீடு எரிந்தது. மேலும் மேலும் வறட்சி. 1894 ஜூலையில் மகளையும் ஏற்றிக்கொண்டு வண்டி கட்டி, ஆகஸ்ட் கடைசியில் மிசௌரி மாநிலம் மேன்ஸ்ஃபீல்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கே இலவச நிலம் கிடையாது. கல்லும் காடுமான 40 ஏக்கர் மேட்டை 400 டாலருக்குப் பேசி, கையிலிருந்த 100 டாலரை முன்பணமாகக் கொடுத்தார்கள். இருந்த வீடு ஜன்னலே இல்லாத ஒற்றை அறை மரக்குடில். வெளிச்சம் வேண்டுமானால் கதவைத் திறக்க வேண்டும், குளிரும் கூடவே வரும். அந்த முதல் குளிர்காலத்தில் காட்டை வெட்டி, விறகை வண்டி வண்டியாக ஊருக்குள் விற்று மளிகை வாங்கினார்கள். இருவர் இழுக்கும் நீள ரம்பம். ஒரு முனையில் கால் விளங்காத ஆல்மன்சோ, மறு முனையில் ஐந்தடிக்கும் குறைவான லாரா. மரத்தை நன்றாக இழுத்து அறுக்கத் தெரிந்தவர் என்பதில் லாராவுக்குப் பிற்காலத்தில் பெருமை உண்டு.

வீடு உடனே எழவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஓர் அறை, அதோடு ஒட்டி இன்னொன்று. நடுவில் பத்தாண்டுக்கும் மேலாக ஊருக்குள் போய்க் குடியிருந்து, லாரா சமைத்துப் போட்டும் ஆல்மன்சோ வண்டியோட்டியும் காசு சேர்த்தார்கள். முழு வீடு முடிந்தது 1913-ல். கூடத்துக் கணப்பு அடுப்புக்குத் தங்கள் நிலத்துக் கல்தான் வேண்டும் என்று லாராவுக்குப் பிடிவாதம். பாறையை இழுப்பது பெரும்பாடு, செங்கல் வாங்கிவிடலாம் என்றார் ஆல்மன்சோ. வாதாடியும் கெஞ்சியும் பலிக்காமல் கடைசியில் லாரா அழுதார். மூன்று பெரும் பாறைகள் வந்து சேர்ந்தன. லாராவே பின்னர் ஒரு கட்டுரையில் இதை எழுதியிருக்கிறார். அறுபதைத் தாண்டிய வயதில், 1932 முதல், அவர் எழுதிய 'லிட்டில் ஹவுஸ்' நூல்களுக்கு உலகெங்கும் வாசகர்கள்.

ராக்கி ரிட்ஜ் என்ற அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். பார்க்க வருகிறவர்கள் சமையலறையில் ஒரு கணம் தயங்கி நிற்பதுண்டு. மாவு பிசையும் மேடையும் அலமாரிகளும் வழக்கமான உயரத்தில் இல்லை. இடுப்புக்குத் தாழ்வாக இருக்கின்றன. ஆல்மன்சோ அவற்றை லாராவின் கைக்கு அளவெடுத்துச் செய்தார்.